பதில்: ஆர்டரும் பள்ளிச் செய்தியும் ஒரே வாட்ஸ்அப்பில் கலந்து போகின்றன

வீட்டிலிருந்தே தையல் ஆர்டர் எடுப்பதாகவும், பள்ளிக் குழுச் செய்திகளுக்கு நடுவே ஒரு டெலிவரி தேதியே நழுவிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் நடந்திருக்கிறது. புதுசாகப் பத்து ஆப் போடாதீர்கள். அதைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும்.

முதலில் தொழிலுக்குத் தனி எண் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். இலவசம்தான், பழைய வாட்ஸ்அப்போடு ஒரே போனில் ஓடும். அதில் லேபிள் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு உரையாடலுக்கும் 'அளவு வரணும்', 'வெட்டியாச்சு', 'பணம் பாக்கி' என்று ஒட்டிவிடலாம், வாடிக்கையாளருக்குத் தெரியாது. காலையில் 'பணம் பாக்கி'யை மட்டும் திறந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்பது கண்முன் நிற்கும். திரும்பத் திரும்பத் தட்டும் பதில்களை விரைவுப் பதிலாகச் சேமித்துவிட்டால், சாய்கோடு (/) போட்டதும் வந்து நிற்கும். பிள்ளைகளோடு இருக்கும் நேரத்துக்குத் தானியங்கிப் பதிலும் வைக்கலாம். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

தேதிகளுக்கு வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். கூகுள் காலண்டரில் 'பள்ளி', 'டெலிவரி' என்று இரண்டு காலண்டர், இரண்டு நிறம். டெலிவரிக்கு 2 நினைவூட்டல்: மூன்று நாள் முன்பு ஒன்று, அன்று காலை ஒன்று. பள்ளிக் காலண்டரை வீட்டுக்காரரோடு பகிர்ந்துவிடுங்கள், "எனக்குத் தெரியாதே" என்று அவர் சொல்ல முடியாது!

கணக்குக்கு? இப்போதைக்கு கூகுள் ஷீட்ஸ் (கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதும் இலவச ஆப்) போதும்.

அப்புறம், பழைய எண்ணையே பிசினஸுக்கு மாற்றுவதாக இருந்தால், முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.