ஊசிக்குப் பிறகு காது இரைச்சல் கூடிவிட்டது: வழக்கு நிற்குமா?

கேள்வி: சில ஆண்டுகளாகவே எனக்கு இரண்டு காதிலும் லேசான இரைச்சல் உண்டு. அதோடு வாழப் பழகியிருந்தேன். சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தபோது 7 நாள் அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். சேரும்போது நிரப்பிய படிவத்தில் காது இரைச்சல் இருப்பதை எழுதியிருந்தேன். வீடு திரும்பிய சில நாட்களில் இரைச்சல் பல மடங்கு கூடிவிட்டது. தூக்கம் இல்லை, வேலையில் மனம் நிற்கவில்லை. போய்க் கேட்டால், "இது உங்களுக்கு ஏற்கெனவே இருந்ததுதானே? அதுவும் ஊசி நின்ற பிறகு வந்திருக்கிறது" என்கிறார்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: கேட்க முடியும். ஆனால் மருந்து கொடுத்தார்கள், காது கெட்டது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. பக்கவிளைவு வந்தாலே மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. சில கிருமிகளுக்கு அமிக்காசினை விட்டால் வேறு மருந்து வேலை செய்யாது. அந்த நிலையில் காதுக்கு ஆபத்து என்று தெரிந்தே அதைக் கொடுப்பதும் சரியான சிகிச்சைதான். சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அதே சூழலில் எடுக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா என்பதுதான் கேள்வி. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த அளவுகோல் இதுதான்.

அந்த அளவுகோலில் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம், நீங்கள் நிரப்பிக் கொடுத்த படிவம். அமிக்காசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்துகள் உள்காதின் நுண்ணிய செல்களைக் கெடுக்கக்கூடியவை என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். மருந்தோடு வரும் குறிப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் உடம்பில் தேங்கி ஆபத்தைக் கூட்டும். ஆகவே உங்கள் கேஸ் ஷீட்டில், அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவில், நான் முதலில் தேடுவது மூன்று விஷயங்கள். படிவத்தில் நீங்கள் எழுதியதை மருத்துவர் தன் குறிப்பில் எடுத்துக்கொண்டாரா? ஊசி போடும் முன்பும் இடையிலும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா? யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் என்ன சொல்கிறது?

கடைசியாகச் சொன்ன ரிப்போர்ட்டைப் பலரும் புரட்டிப் பார்ப்பதே இல்லை. உங்களுக்கு வந்த கிருமி எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அதில் வரிசையாக இருக்கும். காதுக்கு ஆபத்து குறைந்த, உங்களுக்குப் பொருந்தக்கூடிய வேறு மருந்தும் அதில் இருந்து, காது இரைச்சல் உள்ளவர் என்று தெரிந்தும் அமிக்காசினையே தொடர்ந்திருந்தால், மருத்துவமனை அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அமிக்காசினுக்கு மட்டுமே கட்டுப்படும் கிருமி என்றால், மருந்தைத் தேர்ந்தெடுத்தது தவறு என்ற வாதம் பலவீனமாகிவிடும். அப்போதும் ஆபத்தை உங்களிடம் சொன்னார்களா, கண்காணித்தார்களா என்ற கேள்விகள் மிஞ்சும். எல்லா அபூர்வ ஆபத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்பது 2008-ன் சமீரா கோலி தீர்ப்பு. ஏற்கெனவே காதில் கோளாறு உள்ள ஒருவருக்குக் காதைப் பாதிக்கும் மருந்தைக் கொடுப்பதை அபூர்வ ஆபத்து என்று ஒதுக்க முடியாது என்பது என் வாதமாக இருக்கும்.

மருத்துவமனை சொல்லும் இரண்டு பதிலும் முடிவானவை அல்ல. இந்த வகை மருந்தின் பாதிப்பு ஊசி நின்ற பிறகும் வெளிப்படலாம். இதுவும் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டதே. "ஏற்கெனவே இருந்தது" என்ற பதிலைப் பொறுத்தவரை, ஏற்கெனவே பலவீனமாக இருந்தவரை மேலும் கெடுத்தவர், கெடுத்த அளவுக்குப் பொறுப்புதான். அந்த அளவைக் காட்ட உங்களுக்குப் பழைய ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளந்த பரிசோதனை அறிக்கை, வேண்டும். எங்காவது எடுத்திருந்தால் தேடிப் பிடியுங்கள்.

இப்போது வழக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருந்தால் இன்றே போங்கள், அதற்கான சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் முக்கியம். காதைப் பாதிக்கும் வேறு எந்த மருந்தையும் தவிர்க்க, இனி பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் இதைச் சொல்லுங்கள். உங்களுக்குக் கேட்கும் இரைச்சலை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. ஆகவே உயர் அதிர்வெண் வரை ஆடியோகிராம் எடுங்கள். காது இரைச்சல் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று மதிப்பிடும் டின்னிடஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி என்ற 25 கேள்விப் படிவத்தையும் மருத்துவர் முன்னிலையில் நிரப்பி, தேதியோடு பதிவாக்குங்கள். சில மாதம் கழித்து இரண்டையும் மறுபடி செய்யுங்கள். சிகிச்சைக்கும் இது வேண்டும், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டால் அங்கேயும் இதுதான் பேசும்.

இரைச்சலால் வரும் தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் மனநலச் சிகிச்சை) நல்ல பலன் தருகிறது. மனநல ஆலோசகரிடம் போனால் "எல்லாம் மனப்பிரமை" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடுமோ என்ற பயத்தில் பலர் போகாமல் தவிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் பட்ட பாட்டுக்கு அந்தச் சிகிச்சைக் குறிப்பே சாட்சி. பாதிப்பைக் குறைக்க உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்பதும் அதில் தெரியும்.

அப்புறம் ஆவணங்கள். கேஸ் ஷீட் முழுவதையும், சேர்க்கைப் படிவத்தையும் சேர்த்து, எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வரை வைத்திருக்கவும் கடமை உண்டு. கடிதம் கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். அவர்கள் தராமல் இழுத்தடித்தால் அதுவே பின்னால் அவர்களுக்கு எதிராகத் திரும்பும். வழக்குப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பணம் கட்டிய சிகிச்சை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போட முடியும். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் உங்கள் வழக்கில் மருந்துக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். காது மருத்துவரின் எழுத்துபூர்வக் கருத்து இல்லாமல் போக வேண்டாம்.

போலீஸ் புகார் வேண்டாம். குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் தேவை, நீங்கள் சொன்னதில் அது தெரியவில்லை. மருந்துக் கம்பெனி மீதும் வழக்கு நிற்பது கடினம், எச்சரிக்கையை மருத்துவருக்குத் தெரிவித்திருந்தால் அவர்கள் தப்பிவிடுவார்கள். மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், ஆனால் அங்கே நஷ்டஈடு கிடைக்காது. மருந்தின் பாதிப்பை 1800-180-3024 என்ற அரசின் இலவச எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம். அது யார் மீதும் குற்றச்சாட்டு ஆகாது.

காலக்கெடு 2 ஆண்டு. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதை நம்பி இருக்காதீர்கள். பாதுகாப்புக்காக, ஊசி தொடங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டும் காது மருத்துவரின் கருத்தும் கைக்கு வந்ததும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, அதன் பிறகு நோட்டீஸ் அனுப்புங்கள்.