காலநிலை மாநாடுகள் ஏன் இழுக்கின்றன? – கேள்வி பதில்

வண்டன்மேடு ஏலத் தோட்டக்காரர்: வருஷா வருஷம் மாநாடு நடத்துகிறார்கள். பலன் ஏன் தெரியவில்லை?

பதில்: 2024 கோடையில் உங்கள் பக்கம் ஏலச் செடிகள் சரத்தோடு கருகிக் கிடந்ததைப் பார்த்தேன். உங்கள் கோபம் நியாயம்தான். 1992-இல் உருவான ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில், ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் விதியை நாடுகள் இன்றுவரை ஏற்கவில்லை. கிட்டத்தட்ட 200 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டின் வரைவில் நிலக்கரியைக் 'கைவிடுவது' என்று எழுதியிருந்தது, இந்தியா கேட்டதால் கடைசி நேரத்தில் 'குறைப்பது' என்று மாறியது.

அப்புறம் பணம். 2020-க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-இல் சொன்னார்கள். அவர்களின் சொந்தக் கணக்குப்படியே 2022-இல்தான் அதை எட்டினார்கள். 2024-இல் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று முடித்தார்கள். நம்பிக்கை எங்கிருந்து வரும்?

கம்பம், கல்லூரி மாணவி: அமெரிக்கா விலகினால் 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் முடிந்ததா?

பதில்: இல்லை. 2020 நவம்பரில் விலகி, 2021 பிப்ரவரியில் திரும்பி வந்தது. 2025 ஜனவரியில் மறுபடி விலகல் உத்தரவு. மற்ற நாடுகள் கிட்டத்தட்ட எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: கையெழுத்து வேறு, ஒப்புதல் வேறு.

போடி: பாரிஸுக்கு முந்தைய கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்துப் போட்டதே?

பதில்: இப்போதுதானே சொன்னேன், கையெழுத்து வேறு, ஒப்புதல் வேறு. அதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பவே இல்லை.

சின்னமனூர்: சோலார் பம்பு மானியம்?

பதில்: வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கூடலூர், நெல் விவசாயி: முல்லைப் பெரியாற்றில் இரண்டு மாநிலமே ஒத்துப்போகவில்லை. 200 நாடுகள் எப்படி, சார்?

பதில்: நமக்கு 1886 குத்தகை இருக்கிறது, 142 அடி வரை நீர் தேக்க 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பிடிக்காவிட்டாலும் மேலே ஒரு கோர்ட் உண்டு. நாடுகளுக்கு அப்படி இல்லை. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றது. ஆனால் அது ஆலோசனைக் கருத்து, அதை வைத்து யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

வண்டிப்பெரியாறு, எஸ்டேட் தொழிலாளி: அண்ணே, அணைக்குக் கீழே படுக்கிறவர்கள் நாங்கள். மழை ராத்திரியில் எங்களுக்குத் தூக்கம் வராது. நீங்கள் குத்தகையும் தீர்ப்பும் பேசுகிறீர்கள்.

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது சரி, நான் அதை விட்டுவிட்டேன். தேனிக்குத் தண்ணீர், உங்களுக்குப் பயம். பலன் ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு. துவாலு, மாலத்தீவு மாதிரி தீவு நாடுகள் முப்பது வருஷமாகச் சொல்வதும் இதைத்தான். இழப்புக்கென்று தனி நிதி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 2022-இல் எகிப்து மாநாட்டில்தான் அது கிடைத்தது. உங்கள் கேள்வியைத்தான் நான் முதலில் எடுத்திருக்க வேண்டும்.