கேலிக் கால்பந்தில் குழுச் சுற்றை ஏன் எடுத்தார்கள்?

"குழுச் சுற்று நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, மூன்றே வருடத்தில் ஏன் தூக்கினார்கள்? அயர்லாந்தில் இந்தச் சாம்பியன்ஷிப்பை ஏன் சும்மா சும்மா மாற்றுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் உலகக்கோப்பை கால்பந்து பார்த்துப் பழகியவர் என்று நினைக்கிறேன். நான்கு அணிக்கு ஒரு குழு, ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டம். அந்தப் பழக்கத்தில் பார்த்தால் 2023 முதல் 2025 வரை இருந்த அமைப்பில் குறை தெரியாது. ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த ஆட்டம் கேலிக் கால்பந்து; கவுண்டி (நம் மாவட்டம் போல) அணிகள் மோதும் அதன் பெரிய கோப்பை சாம் மகுவயர். அதற்கு 16 அணிகள், நான்கு குழுக்கள், மொத்தம் 24 ஆட்டங்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் மூன்று அணிகளும் மேலே போகும். அதாவது 24 ஆட்டம் ஆடி வெளியே அனுப்பியது வெறும் நான்கு அணிகளை. முதலிடம் பிடித்தவர் நேராகக் காலிறுதிக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் வந்த எட்டு அணிகள் இன்னொரு சுற்று ஆடி, அதில் நான்கு குறையும். காலிறுதிக்கு எட்டுப் பேர் சேர்வதற்குள் 28 ஆட்டம் முடிந்திருக்கும்.

2023-இல் மேயோ, கெர்ரி, கார்க், லவுத் இருந்த குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்திலேயே மேயோ, கில்லார்னிக்குப் போய், நடப்புச் சாம்பியன் கெர்ரியை அவர்கள் சொந்த மண்ணில் ஐந்து புள்ளியில் தோற்கடித்தது. பழைய காலமாக இருந்தால் அந்த வருடமே அதைப் பற்றித்தான் பேசியிருக்கும். நடந்தது என்ன? கெர்ரி கார்க்கை வென்றது. கடைசிச் சுற்றில் கார்க் மேயோவை வென்றது. மூவருமே லவுத்தை வென்றார்கள். பட்டியலில் மூன்று அணிக்கும் தலா 4 புள்ளி. இரண்டு அணிகள் சமமானால் நேருக்கு நேர் மோதிய முடிவைப் பார்ப்பார்கள். மூன்று அணிகள் சமமானால் அடித்ததற்கும் வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம். கெர்ரி லவுத்தை 5-24க்கு (5 கோல், 24 புள்ளி) 0-11 என்று அடித்திருந்தது. கோலுக்கு மூன்று புள்ளி என்பதால் அது 39க்கு 11, வித்தியாசம் 28. கில்லார்னியில் தோற்ற கெர்ரி குழுவில் முதலிடம், வென்ற மேயோ மூன்றாமிடம். கெர்ரி இறுதியாட்டம் வரை போனது. மேயோ கால்வேயின் மைதானத்தில் கூடுதலாக ஓர் ஆட்டம் ஆடி ஜெயித்த பிறகு காலிறுதியில் டப்ளினிடம் விழுந்தது.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதானே" என்று சிலர் சொல்வார்கள். ஒன்றுதான், அதை நான் மறுக்கவில்லை. மூன்றாமிடம் வந்தாலும் பிழைக்கலாம் என்று இருக்கும்போது மே மாதத்துத் தோல்விக்கு விலையே இல்லாமல் போகிறது என்பதுதான் என் வாதம். தோல்விக்கு விலை இல்லாத ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? குழுச் சுற்றில் உயிருள்ள ஆட்டமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2025-இல் மேயோவுக்கு டிரா போதும் என்ற நிலையில் டோனெகால் கடைசி நொடியில் ஒரு புள்ளி அடித்து மேயோவை வெளியேற்றியது. ஆனால் அந்தப் பரபரப்பு வருவதற்கு மூன்றாவது சுற்று வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். 2000 வரை ஒரு தோல்வி என்றால் வருடம் முடிந்தது. 2001-இல் 'பின்வாசல்' திறந்தார்கள்: அயர்லாந்தின் நான்கு மாகாணங்களுக்கும் தனித்தனிக் கோப்பை உண்டு, அதில் தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. ராஸ்காமனிடம் தோற்ற கால்வே, அந்த முதல் வருடமே பின்வாசல் வழியாக வந்து கோப்பையைத் தூக்கியது. 2018, 2019-இல் காலிறுதியை இரண்டு குழுக்களாக்கினார்கள், 'சூப்பர் எட்டு' என்று. கோவிட் வந்து 2020, 2021 மறுபடி நேரடி வெளியேற்றம். 2021 அக்டோபரில், இந்த விளையாட்டை நடத்தும் அமைப்பின் சிறப்பு மாநாட்டில் 'திட்டம் பி' வந்தது: மாகாணக் கோப்பைகளை வசந்த காலத்துக்கு நகர்த்திவிட்டு, லீக் ஆட்டங்களையே (அணிகளை நான்கு டிவிஷனாகப் பிரித்து நடக்கும் தனிப் போட்டி) கோடைச் சாம்பியன்ஷிப் ஆக்குவது. வீரர்கள் சங்கம் ஆதரித்தது. 50.6 சதவீதம் கிடைத்தது. தேவைப்பட்டது 60. அந்தத் திட்டத்திலும் ஓட்டை இருந்தது: முதல் டிவிஷனில் ஆறாவது வந்த அணி வெளியே, நான்காவது டிவிஷனில் முதலில் வந்த அணி உள்ளே. அது தோற்றதால் பிறந்த சமரசம்தான் நீங்கள் கேட்கும் குழுச் சுற்று.

2026 முதல் இப்படி. 16 அணிகள், முதல் சுற்றில் எட்டு ஆட்டம், மாகாண இறுதிக்கு வந்த எட்டு அணிகளுக்குச் சொந்த மைதானம். ஜெயித்த எட்டும் '2ஏ'வில் தங்களுக்குள் மோதும், தோற்ற எட்டும் '2பி'யில். 2ஏவில் ஜெயித்த நால்வர் காலிறுதிக்கு. 2பியில் தோற்ற நால்வர் வீட்டுக்கு. மிச்சம் எட்டு அணிகள், ஆளுக்கு ஒரு வெற்றி ஒரு தோல்வியோடு, மூன்றாவது சுற்றில் மோதி நால்வர் தேறுவார்கள். 8, 4, 4, 4 என்று 20 ஆட்டம். 28 இருந்த இடத்தில் எட்டு குறைந்தது. ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் உறுதி. இரண்டாவது தோல்வி வந்தால் கதவு சாத்தப்படும். குழுச் சுற்றைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அடிவேர் அப்படியே கிடக்கிறது. 33 அணிகளில் (கில்கெனி, மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங்கே கதி என்று இருப்பதால் அவர்கள் இல்லை, வெளிநாட்டு ஐரிஷ்காரர்களின் லண்டனும் நியூயார்க்கும் உண்டு) 16 பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நான்கு மாகாண இறுதிகளில் ஆடும் எட்டு அணிகள், இரண்டாம் அடுக்கான டால்ச்சன் கோப்பையை முந்தைய வருடம் வென்ற அணி, மீதி இடங்கள் லீக் தரவரிசைப்படி. அல்ஸ்டர் மாகாணத்தில் ஒன்பது பலமான கவுண்டிகள் ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளும். மன்ஸ்டரில் மொத்தமே ஆறு. 2023-இல் நான்காம் டிவிஷனில் இருந்த ஸ்லைகோ, லண்டனையும் நியூயார்க்கையும் வென்று கோனக்ட் மாகாண இறுதிக்கு வந்து 16-க்குள் இடம் பிடித்தது. இரண்டாம் டிவிஷன் மீத் டால்ச்சன் கோப்பைக்கு இறங்கியது. ஸ்லைகோவைக் குறைசொல்லவில்லை, எதிரே நிறுத்திய அணிகளை அவர்கள் வென்றார்கள். சீட்டு கொடுக்கும் முறைதான் கோணல்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. 2022 முதல் இறுதியாட்டம் ஜூலையிலேயே முடிகிறது, அதன் பிறகு கிளப் ஆட்டங்களுக்கு நேரம். கிளப்புகளுக்கு அது நியாயம். ஆனால் நாட்காட்டி இறுகியதில் மறு ஆட்டம் பெரும்பாலும் செத்துப்போய், பெனால்டி வந்து உட்கார்ந்துகொண்டது. அர்மா 2022 காலிறுதியில் கால்வேயிடம், 2023 அல்ஸ்டர் இறுதியில் டெர்ரியிடம், அதே வருடக் காலிறுதியில் மோனகனிடம், 2024 அல்ஸ்டர் இறுதியில் டோனெகாலிடம் என நான்கு முறை பெனால்டியில் தோற்றது. பதினைந்து பேர் எழுபது நிமிடமும் கூடுதல் நேரமும் ஓடிய ஆட்டத்தை, இந்த விளையாட்டில் அபூர்வமாக வரும் ஓர் உதையை வைத்து முடிப்பது கொடுமை. மாகாண இறுதிக்காவது ஒரு வார இறுதியை மறு ஆட்டத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். எட்டு ஆட்டம் குறைத்தவர்களுக்கு அது முடியாத காரியமா?

"மாகாணக் கோப்பையை ஒழிக்கச் சொல்கிறாயா" என்று யாராவது கீழே சண்டைக்கு வருமுன்: இல்லை. ஆடட்டும், வசந்தத்தில் அதற்கென்று இடம் கொடுத்து ஆடட்டும். 16-க்கான சீட்டை மட்டும் லீக்கிடம் விடுங்கள். 2025-இல் லவுத், டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் மீத்தை வென்று லென்ஸ்டர் மாகாணக் கோப்பையை எடுத்தது, 1957-க்குப் பிறகு முதல் முறை. லவுத் அப்போது இரண்டாம் டிவிஷன் அணி, தரவரிசையை மட்டும் பார்த்திருந்தாலும் 16-க்குள் இருந்திருக்கும். 68 வருடம் காத்திருந்த ஜனம் அன்று கொண்டாடியது அந்தக் கோப்பையை. அடுத்த சுற்றுக்கான சீட்டை அல்ல.