விமானத்தின் அடிப்படைப் பாகங்கள் எவை? விமானங்களில் என்னென்ன வகைகள் உள்ளன?

விமானப் பராமரிப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் வசித்துவருபவன் என்ற முறையில் இக்கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். பாகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இறக்கையை முதலில் நன்றாகப் புரிந்துகொள்வதே நல்லது. மற்ற பாகங்களும், பெரும்பாலான வகைகளும் அதையொட்டியே அமைகின்றன.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏறப் பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்குத்தான் செல்கிறோம். ஆனால் இறக்கையைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகளும் விமானத்தின் இறக்கைகளும் ஒரே தத்துவத்தில் உருவானவை. டிரெய்லர் லாரியில் ஏற்றிச் சாலையோரம் நிறுத்தியிருந்த காற்றாலை இறக்கை ஒன்றை ஒருமுறை அருகில் நின்று தடவிப் பார்த்தேன். காற்றை எதிர்கொள்ளும் விளிம்பு உருண்டு தடித்திருந்தது; பின்விளிம்பு மிகவும் மெலிந்திருந்தது; அடியிலிருந்து நுனிவரை யாரோ மெல்ல முறுக்கிவிட்டதுபோல் திருகியிருந்தது. சுழலும்போது நுனியின் வேகம் அடிப்பகுதியின் வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், நீளம் முழுவதும் காற்று உரிய கோணத்தில் வந்து மோதுவதற்காகவே அந்தத் திருகல் வைக்கப்படுகிறது. விமானத்தை விசிறிபோல் சுழன்று முன்செலுத்தும் புரொப்பல்லரிலும் இதே திருகலைக் காணலாம்.

இத்தகைய வடிவமுள்ள இறக்கை, முன்விளிம்பு சற்றே உயர்ந்த கோணத்தில் காற்றைக் கிழித்துச் செல்லும்போது, மேற்பரப்பில் அழுத்தம் குறைகிறது. கடந்து செல்லும் காற்று கீழ்நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. அதன் எதிர்விளைவாகக் கிடைப்பதே தூக்குவிசை. மேலே செல்லும் காற்றும் கீழே செல்லும் காற்றும் ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைந்தாக வேண்டும், அதனால்தான் மேற்காற்று விரைகிறது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும் விளக்கம் தவறானது. உண்மையில் மேலே செல்லும் காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதை இன்னும் பலர் தவறாகவே படித்துவருவது எனக்கு வருத்தமளிக்கிறது.

அடுத்தது வால். செங்குத்தாக நிற்கும் வாலின் பின்விளிம்பில் கீல் வைத்துப் பொருத்தப்பட்ட பலகைக்கு ரடர் என்று பெயர். குளச்சலிலோ முட்டத்திலோ படகின் சுக்கானைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை; ரடரும் விமானத்தின் மூக்கை இடமும் வலமுமாகத் திருப்புகிறது. ஆனால் படகு சுக்கானால் திரும்புவதுபோல் விமானம் ரடரை மட்டும் நம்பித் திரும்புவதில்லை. இறக்கைகளின் நுனிப்பக்கம், பின்விளிம்பில் உள்ள ஏலெரான் என்னும் பலகைகளில் ஒன்று மேலெழ, மற்றொன்று கீழிறங்க, விமானம் ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையே அதை வளைவுக்குள் இழுத்துச் செல்கிறது. கிடையாக நிற்கும் வாலில், அதாவது கிடைவாலில், உள்ள எலிவேட்டர் என்னும் பலகை மூக்கை ஏற்றி இறக்குகிறது.

இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஜன்னல் இருக்கை கிடைத்தால், தரையிறங்கும்போது கண்ணை எடுக்காமல் பாருங்கள். பின்விளிம்பிலிருந்து ஃபிளாப் என்னும் பலகைகள் நீண்டு கீழ்நோக்கி வளையும். குறைந்த வேகத்திலும் போதிய தூக்குவிசை கிடைக்க அவை உதவுகின்றன. சக்கரம் ஓடுதளத்தைத் தொட்டதும் இறக்கையின் மேற்பரப்பில் ஸ்பாய்லர் பலகைகள் நிமிர்ந்து எழுந்து தூக்குவிசையைக் குலைக்கும். அப்போதுதான் முழு எடையும் சக்கரங்களில் இறங்கி பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

மனிதரும் சரக்கும் இருக்கும் உடற்பகுதி, எஞ்சின், சக்கரங்கள் அடங்கிய லேண்டிங் கியர் ஆகியவை எஞ்சிய பாகங்கள். பயணிகள் விமானங்களில் எரிபொருளின் பெரும்பகுதி இறக்கைகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி வகைகள். காற்றைவிட இலேசானவை, கனமானவை என்பதே முதல் பிரிவு. 1783இல் மனிதரை ஏற்றிச் சென்ற மோன்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூனும் பிற்கால ஆகாயக் கப்பல்களும் காற்றைவிட இலேசானவை. கனமானவற்றில் எஞ்சின் இல்லாத கிளைடர், எஞ்சினும் நிலையான இறக்கையும் கொண்ட விமானம், இறக்கையே சுழலும் ஹெலிகாப்டர் ஆகியவை முக்கியமானவை. பாகங்கள் எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1903 டிசம்பர் 17 அன்று 12 வினாடிகள் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தில் எலிவேட்டர் முன்பக்கம் இருந்தது. ஏலெரானுக்குப் பதிலாக இறக்கையையே முறுக்கினார்கள். நம் நாட்டில் உருவான தேஜஸ் போர்விமானத்துக்குக் கிடைவாலே இல்லை. முக்கோண இறக்கையின் பின்விளிம்புப் பலகைகளே எலிவேட்டர், ஏலெரான் இரண்டின் வேலையையும் செய்கின்றன.

அமைப்பு மாறினால் பணியும் மாறும் என்பதை எங்கள் கடற்கரை மக்கள் 2017இல் ஒக்கிப் புயலின்போது நேரில் கண்டார்கள். காணாமல்போன மீனவர்களைத் தேட டோர்னியர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சென்றன. டோர்னியரின் இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் ஜன்னலிலிருந்து கீழே கடலைப் பார்க்கும்போது இறக்கை மறைப்பதில்லை; ஹெலிகாப்டரைவிட அதிக தூரம் சென்று தேடவும் அதனால் முடியும். ஆனால் தூக்குவிசைக்காக அது முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் ஒருவர் மிதப்பதைக் கண்டாலும் அவருக்கு மேலே நிற்க முடியாது. ஹெலிகாப்டரின் இறக்கை தானே சுழன்று தூக்குவிசையைப் பெறுவதால், அலைக்கு மேலே ஓரிடத்தில் நின்று, கயிற்றை இறக்கி ஆளைத் தூக்க அதனால் முடிகிறது.