கடலிலேயே கிடக்கும் மீன் ஏன் கரிப்பதில்லை? செல் சவ்வு: கேள்வி பதில்

பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது மண்டபத்தில் இருக்கிறேன். செல் சவ்வு பற்றிக் கேளுங்கள் என்றதும் பாடப்புத்தகக் கேள்விகள்தான் வரும் என்று நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் மீனும் நண்டும் கருவாடும். சந்தோஷம்.

தொண்டியிலிருந்து பிளஸ் ஒன் மாணவி: சார், செல் சவ்வு என்பது தோல் மாதிரியா? படத்தில் இரண்டு வரிசை குண்டூசி போல இருக்கிறதே?

செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைதான் செல் சவ்வு. குண்டூசி என்றது நல்ல பார்வை, பாப்பா. அது பாஸ்போலிப்பிடு, ஒரு வகைக் கொழுப்பு மூலக்கூறு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், இரண்டு வால்களுக்கும் பிடிக்காது. தண்ணீரில் விட்டால் வால்களை உள்ளே ஒளித்து, தலைகளை இருபுறமும் காட்டி, தானாகவே இரண்டடுக்காக நின்றுகொள்ளும். மொத்தத் தடிமன் 7, 8 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கலாம்.

ஆனால் தோல் என்று நினைக்காதே. படகிலிருந்து சிந்திய டீசல் தண்ணீர் மேல் நெளியுமே, அந்த நெகிழ்ச்சிதான் இதற்கும். அதில் புரதங்கள் மிதந்து திரிகின்றன. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன ஃபுளூயிட் மொசைக் மாடல் இதுதான். இரண்டடுக்கு என்பதை 1925லேயே கோர்ட்டரும் கிரெண்டலும் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துப் பரப்பினால் செல்லின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வருகிறது என்று அளந்து சொல்லிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கொழுப்பை முழுசாகப் பிரித்தெடுக்காமல் ஒரு தப்பு, செல்லின் பரப்பைக் குறைத்துக் கணக்கிட்டு இன்னொரு தப்பு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, விடை சரியாக வந்துவிட்டது. பரீட்சையில் நீ இதை முயற்சி செய்ய வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து ஓர் அம்மா: பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற மீன் குழம்பில் கரிப்பதில்லை. இரண்டு நாள் உப்பில் கிடந்த கருவாடு கரிக்கிறது. ஏன்?

இந்தக் கேள்வி ஒன்றே போதும், மற்றதெல்லாம் இதன் கிளைதான்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நகரை, பாறை போன்ற முள்மீன்களின் ரத்தத்தில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உப்பிலுள்ள சோடியம் அயனியால் சவ்வின் எண்ணெய்ப் பகுதியைத் தாண்ட முடியாது; அதற்கென்று ஒரு புரத வழி வேண்டும். தண்ணீர் தாண்டிவிடும், அதுவும் உப்பு அதிகமுள்ள பக்கம் பார்த்துப் போகும். சவ்வூடு பரவல் என்பது இவ்வளவுதான். ஆகவே நகரை செவுள் வழியாக ஓயாமல் தண்ணீரை இழக்கிறது. கடலுக்குள் இருந்துகொண்டே தாகம்! கடல்நீரைக் குடிக்கிறது. கூடவே வந்த உப்பைச் செவுளில் இருக்கும் சில செல்கள் வெளியே தள்ளுகின்றன. சும்மா இல்லை, தின்ற தீனியில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

மீன் செத்ததும் தள்ளுவதற்கு ஆளில்லை, சவ்வும் பொத்தலாகிவிடுகிறது. வயிற்றைக் கீறி, கல் உப்பை அப்பித் தொட்டியில் அடுக்கி வைத்தால் மறுநாள் அடியில் தண்ணீர் நிற்கும், பார்த்திருப்பீர்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீர் இல்லை அது, மீனுக்குள் இருந்தது. அது வெளியே வர, உப்பு உள்ளே போயிருக்கும். கெட்டுப்போக வைக்கும் கிருமிகளிடமிருந்தும் தண்ணீர் இப்படியே உறிஞ்சப்படுவதால் அவை பெருகுவதில்லை. ரொம்பக் கரிக்கும் கருவாட்டை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு இறங்குகிறதே, அதற்கும் காரணம் தடுக்க ஆளில்லாததுதான்.

பாம்பனிலிருந்து ஒரு மீனவர்: மீன் குடிக்கலாம், நாம் ஏன் கடல் தண்ணீரைக் குடிக்கக் கூடாது?

நமக்குச் செவுள் இல்லை, தம்பி. சிறுநீரகத்தால் கடல்நீர் அளவுக்குக் கெட்டியாக உப்பை வெளியேற்ற முடியாது. ஒரு லிட்டர் குடித்தால், அதன் உப்பைக் கழிக்க ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் போய்விடும். படகில் நல்ல தண்ணீர்க் கேன் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

பரமக்குடியிலிருந்து பிளஸ் டூ மாணவர்: சோடியம் பொட்டாசியம் பம்பு மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

அது சவ்விலுள்ள ஒரு புரதம். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே, செலவு ஓர் ஏடிபி, அதாவது செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு ஒன்று. நிற்கவில்லையென்றால் நண்டை நினைத்துக்கொள். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ நண்டுக்கால் நரம்பை அரைத்துத்தான் 1957இல் இந்தப் பம்பைப் பிடித்தார்; நோபல் வந்தது 1997இல். ஞாயிற்றுக்கிழமை நீ உறிஞ்சிப் போடும் அதே நண்டுக்கால்!

ஊசிக்கணவாய்க்கும் இதில் பங்கு உண்டு. அதன் உடம்பில் கண்ணுக்கே தெரியும் தடிமனில் ஒரு நரம்பிழை இருக்கிறது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்சாரம் ஓடும் விதத்தை அதில்தான் அளந்தார்கள், 1963இல் நோபல். அதைவிட எனக்குப் பிடித்தது 1961இல் ஹாட்ஜ்கின் குழு செய்த சோதனை. அந்த இழைக்குள் இருந்த கூழைப் பற்பசை போலப் பிதுக்கி எடுத்துவிட்டு, பொட்டாசியம் உப்புக் கரைசலை நிரப்பினார்கள். வெறும் சவ்வு. அப்போதும் செய்தி ஓடியது.

தேவிபட்டினத்திலிருந்து: தண்ணீருக்கும் தனி வழி உண்டு என்கிறார்களே?

உண்டு, அக்குவாபோரின். எண்ணெய் வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் கசியும். இந்தப் புரதக் குழாய் ஒன்றில் நொடிக்கு 300 கோடி மூலக்கூறுகள் வரிசையாகப் போகும். கண்டுபிடித்தவர் பீட்டர் ஏக்ரி, 2003 நோபல்.

திருவாடானையிலிருந்து: காரங்காட்டு அலையாத்திக் காட்டில் மரம் உப்புத் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது?

வேரின் சவ்வுகளே பெரும்பாலான உப்பை வடிகட்டி நிறுத்திவிடும். தப்பி ஏறியதை வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே கக்கும். அடுத்த முறை படகில் போகும்போது, வெயிலேறிய பிறகு ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். மினுமினு என்று பொடி ஒட்டியிருக்கும். நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும்.

மண்டபத்திலிருந்து பாசி வளர்க்கும் ஓர் அக்கா: பெரிய மழைக்குப் பிறகு பெப்சிப் பாசி (கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி) வெளுத்து முறிகிறது. அதுவும் இதுதானா?

ஒரு காரணம் இதுதான், அக்கா. மழைநீரால் மேல்தண்ணீர் உப்புக் குறையும்போது பாசி செல்லுக்குள் தண்ணீர் ஏறுகிறது, உள்ளிருக்கும் அயனிகள் கசிகின்றன. சோர்ந்த பாசியைப் பாக்டீரியாவும் பிடித்துக்கொள்ளும். கடும் சூட்டிலும் வெளுக்கும், எல்லாவற்றுக்கும் மழையைத் திட்ட வேண்டாம்.

ஏர்வாடியிலிருந்து ஒரு தாய்: வயிற்றுப்போக்குக்கு உப்புத் தண்ணீர் சரி, சர்க்கரை எதற்கு? ருசிக்கா?

ருசிக்கு இல்லை, அம்மா. குடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது உள்ளே விடும். அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவிலும் இந்த வழி கெடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதை வைத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

ஓஆர்எஸ் பாக்கெட் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. குழந்தை சோர்ந்து கிடந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். கலந்ததும் முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கீழே ஊற்றிவிட்டு வேறு கலக்குங்கள்.