தசை தளர்கிறது, பழுது நரம்பில்

கேள்வி: உறவினர் குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. என்னும் பரம்பரைத் தசைத்தளர்ச்சி நோய் என்கிறார்கள். பெற்றோர் இருவரும் நலமாக இருக்க, இது எப்படி வந்தது? ஆராய்ச்சியில் வழி பிறந்திருக்கிறதா?

பதில்: தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு ஒன்றும் நல்லது ஒன்றும் இருந்திருக்கும், நல்லது காப்பாற்றுவதால் அவர்களுக்கு நோயில்லை. இரண்டு பழுதும் குழந்தைக்குச் சேரும் வாய்ப்பு ஒவ்வொரு பேறுகாலத்திலும் 25 விழுக்காடு. இதில் யாருடைய குற்றமும் இல்லை என்பதை அந்தத் தாயிடம் அவசியம் சொல்லுங்கள்.

தளர்வது தசைதான் என்றாலும், அழிவது தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள். காரணமான எஸ்.எம்.என்.1 மரபணுவை 1995இல் பாரிஸில் ஜூடித் மெல்கியின் குழுவினர் கண்டறிந்தனர். அதன் இரட்டையான எஸ்.எம்.என்.2, மரபணு வரிசையில் ஓர் எழுத்து மாறியதால், அந்த நரம்பணுக்களுக்குத் தேவையான புரதத்தைச் சிறிதளவே தருகிறது. அந்தச் சோம்பல் மரபணுவை அதிகம் உழைக்க வைப்பதே, ஏட்ரியன் கிரெய்னர் போன்றோரின் ஆய்விலிருந்து உருவாகி 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென், தண்டுவட நீரில் செலுத்தப்படும் மருந்து. 2019இல், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான மரபணு சிகிச்சையும் அங்கே ஒப்புதல் பெற்றது. ஆனால், அழிந்த நரம்பணுவை எதுவும் மீட்பதில்லை. ஆகவே தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த குழந்தைக்குமுன் பெற்றோர் மரபணு ஆலோசனை பெறட்டும்.