ஏ.ஓ.சி. (யாருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள் என்ற விவரம்) எங்கே போயிற்று? டெண்டர் தரவு கேள்வி-பதில்

முதலில் ஒரு வார்த்தை. இந்த முறை வந்த கடிதங்கள் பலவற்றில் டெண்டர் ஐடியே இல்லை. "எங்க ஊர் பாலம் டெண்டர்" என்று எழுதினால் எந்தத் துறை, எந்த ஆண்டு, எத்தனையாவது பேக்கேஜ் என்று எதை வைத்துத் தேடுவது? ஐடியும், தளத்தில் நீங்கள் பார்த்த தேதியும் இல்லாத கடிதங்களை அப்படியே ஓரம் கட்டிவிட்டேன்.

தமிழ்நாடு அரசின் டெண்டர் தளமான டிஎன்டெண்டர்ஸில் முடிவுகளைப் பார்க்க டிஜிட்டல் கையொப்பம் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் பிரவுசிங் சென்டர்காரர். உண்மையா? (தஞ்சாவூர்)

இல்லை. டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) என்பது டெண்டர் போடுபவருக்கும் திறப்பவருக்கும். வேடிக்கை பார்ப்பவருக்குக் கேப்ட்சா அடிக்கத் தெரிந்தால் போதும்.

போன வருடம் முடிந்த சாலைப் பணியைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. அழித்துவிட்டார்களா? (திருவள்ளூர்)

அழிக்கவில்லை, நீங்கள் தேடிய இடம் தப்பு. முகப்பில் இருக்கும் பெட்டி நடப்பு டெண்டர்களுக்கானது. முடிந்ததைப் பார்க்க 'டெண்டர் ஸ்டேட்டஸ்' பக்கத்துக்குப் போங்கள். ஐடி தெரிந்தால் அதை மட்டும் போடுங்கள், மற்ற கட்டங்களைத் தொடாதீர்கள். ஐந்து கட்டத்தையும் நிரப்பினால் ஐந்தும் பொருந்தும் டெண்டர்தான் வரும், அதாவது எதுவும் வராது. ஐடி தெரியாவிட்டால் துறையைத் தேர்ந்து, தேதி இடைவெளியைச் சின்னதாக வையுங்கள். பட்டியலில் 'வியூ' அழுத்தி, உள்ளே எல்லா நிலைகளின் சுருக்கத்துக்கான இணைப்பைத் திறந்தால் ஏலதாரர் பட்டியல், தொழில்நுட்ப மதிப்பீடு, விலைப்புள்ளி, ஏ.ஓ.சி. என்று வரிசையாக வரும்.

தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் உங்கள் ஊர்ப் பெயரில் 'டி'க்குப் பிறகு 'எச்' இருக்கும், இல்லாமலும் இருக்கும். முழுப் பெயரை அடிக்காமல் 'வல்லூர்' பகுதியை மட்டும் அடியுங்கள். ஐடியின் முதல் நான்கு இலக்கம் டெண்டர் விட்ட ஆண்டு, ஒப்பந்தம் கொடுத்த ஆண்டு அல்ல. கடைசியில் அடிக்கோட்டுக்குப் பின் வரும் 1, 2, 3 ஒரே அறிவிப்பில் உள்ள தனித்தனிப் பணிகள். அதை விட்டுவிட்டு ஐடி எழுதினால் ஐடி எழுதாத மாதிரிதான்.

ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை 'செஷன்' போய்விடுகிறது. (ஈரோடு)

பிரவுசரின் 'பேக்' அம்பைத் தொடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் 'பேக்' இணைப்பை அழுத்துங்கள். ஒரே நேரத்தில் நாலு டேப் திறக்காதீர்கள். உள் பக்கங்களின் முகவரியைச் சேமித்து வைத்தும் பயனில்லை, மறுநாள் திறக்காது. ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தை பி.டி.எஃப். ஆக அச்சிட்டு வையுங்கள், கோப்பின் பெயரிலேயே பார்த்த தேதியைப் போடுங்கள்.

பட்டியலை எக்செலில் ஒட்டினால் டெண்டர் எண் 'மே-23' என்று மாறிவிடுகிறது. தொகையைக் கூட்டினால் பூஜ்யம் வருகிறது. (கோவை)

தளத்தில் பட்டியலைப் பதிவிறக்கும் பொத்தான் கிடையாது, ஒட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் நேராக ஒட்டக் கூடாது. 5/2023 என்ற அலுவலகக் குறிப்பு எண்ணைப் பார்த்ததும் எக்செல் அதைத் தேதி என்று முடிவு கட்டிவிடும். பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் 45 ஆயிரம் சொச்சம் என்று ஒரு எண்தான் நிற்கும், பழைய எழுத்து திரும்பாது. எனவே காலித் தாளில் எல்லா நெடுவரிசைகளையும் முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கி, பிறகு 'மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மேட்டிங்' என்று ஒட்டுங்கள். சி.எஸ்.வி. கோப்பு என்றால் இரட்டைக் கிளிக் வேண்டாம். 'டேட்டா' மெனு வழியாக உள்ளே எடுத்து, தரவு வகையைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கூட்டல் பூஜ்யம் வருவது தொகை எழுத்தாக நிற்பதால். செல்லில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து. ரூபாய்க் குறி, காற்புள்ளி, பின்னால் ஒட்டிய இடைவெளி மூன்றையும் நீக்கி, பக்கத்து நெடுவரிசையில் எண்ணாக மாற்றுங்கள். மூல நெடுவரிசையை அழிக்காதீர்கள்.

ஒரு டெண்டர் எட்டு மாதமாக 'ஃபைனான்ஷியல் இவாலுவேஷன்' (விலை மதிப்பீடு) என்றே காட்டுகிறது. ஆனால் ரோடு போட்டு முடித்தாயிற்று! டெண்டரே இல்லாமல் வேலை கொடுத்துவிட்டார்கள் என்று பதிவு போடலாமா? (விழுப்புரம்)

போடாதீர்கள். இதே கேள்வி மாதாமாதம் வருகிறது.

நடப்பது இதுதான். ஏலதாரர் போடும் விலை பூட்டப்பட்டுத்தான் தளத்தில் கிடக்கும். அதிகாரிகள் தங்கள் டி.எஸ்.சி.யோடு உட்கார்ந்தால்தான் திறக்கும். அதனால் விலைப்புள்ளி திறக்கும் வரை எல்லா அலுவலகமும் ஒழுங்காகத் தளத்தில் வேலை செய்யும், வேறு வழியில்லை. திறந்தபின் கட்டாயம் போய்விடுகிறது. ஏற்பளிப்புக் கடிதம் கோப்பில் கையெழுத்தாகிறது, பணி ஆணை தபாலில் போகிறது, ஜல்லி இறங்குகிறது. தளத்தில் ஏ.ஓ.சி. ஏற்றாததால் எந்த வேலையும் நிற்பதில்லை. செய்யாவிட்டாலும் எதுவும் நிற்காது என்றால் அதை யார் செய்வார்கள்?

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 10-ஆம் பிரிவில், யாருடைய டெண்டர் ஏற்கப்பட்டது, மற்றவை ஏன் தள்ளப்பட்டன என்று டெண்டர் புல்லட்டின் அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2017 பொது நிதி விதிகளில் 159-ஆம் விதி, அறிவிப்பு, திருத்தம், ஒப்பந்த விவரம் மூன்றையும் மத்தியக் கொள்முதல் தளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. அறிவிப்பை வெளியிட்டுவிட்டு முடிவை விழுங்குவது, தேர்வு நடத்திவிட்டு மார்க் ஷீட் தராத கதை. இதில் சோம்பல் எது, மறைப்பு எது என்று வெளியில் இருந்து பிரிக்க முடியாது. நான் கோபப்படுவதே அதற்குத்தான். சோம்பேறி அலுவலகம் திருட்டு அலுவலகத்துக்குப் போர்வை ஆகிவிடுகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. விலைப்புள்ளிப் பட்டியலில் எல்-1 (குறைந்த விலை கேட்டவர்) யார் என்று குறித்துக்கொள்ளுங்கள், அவரை 'ஒப்பந்தம் பெற்றவர்' என்று எழுதாதீர்கள். எல்-1 விலகலாம், மறு டெண்டர் போயிருக்கலாம் (பெரும்பாலும் புது ஐடியில்). எல்-1 உடன் விலை குறைக்கப் பேசச் சட்டம் இடம் தருகிறது, ஆகவே தளத்தில் தெரியும் தொகையும் ஒப்பந்தத் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிறகு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள். ஐடியைக் குறிப்பிட்டு ஒப்பீட்டுப் பட்டியல், ஏற்பளிப்புக் கடிதம், பணி ஆணை, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். கொடுத்த பணம் தெரிய வேண்டுமா? எம்-புக் (செய்த வேலையின் அளவுப் புத்தகம்) பக்கங்களும் கடைசி பில்லும் கேளுங்கள். "ஏன்" என்று ஆரம்பிக்கும் கேள்வி எதுவும் வேண்டாம், நகல் மட்டும். 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வணிக ரகசியம் என்பார்கள். ஊரறியத் திறந்த விலைக்கு என்ன ரகசியம் என்று மேல்முறையீட்டில் கேளுங்கள்.

மதிப்பீட்டுத் தொகை 1 கோடி, ஒப்பந்தம் 1.18 கோடி. 18 லட்சம் எங்கே போனது? (சேலம்)

ஜி.எஸ்.டி.க்குப் போனதா என்று முதலில் பாருங்கள். அரசுப் பணி ஒப்பந்தங்களுக்கு 2022 ஜூலையில் 12 சதவீதம் 18 ஆனது. ஒரு தொகை வரி நீக்கி, இன்னொன்று வரி சேர்த்து இருந்தால் சரியாக இந்த வித்தியாசம்தான் வரும். மதிப்பீட்டுக் கட்டத்தில் பூஜ்யமோ '45.60' என்றோ இருந்தால் அதை வைத்துச் சதவீதம் போடாதீர்கள். பின்னது பெரும்பாலும் லட்சத்தை ரூபாய்க் கட்டத்தில் அடித்தது.

அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் எங்கள் பஞ்சாயத்துக் கட்டடம் கிடைக்கவில்லை. (சிவகங்கை)

கிடைக்காது. ஜெம் பொருளுக்கும் சேவைக்கும். நாற்காலி, லேப்டாப், செக்யூரிட்டி ஆள் என்றால் அங்கே தேடுங்கள். சிறிய நேரடிக் கொள்முதலுக்கு ஏலமே இருக்காது, ஒப்பந்தப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

ஒரே கம்பெனி மூன்று பெயரில் வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை)

முன்னால் வரும் 'மெசர்ஸ்', 'திருவாளர்', பின்னால் வரும் 'பிரைவேட் லிமிடெட்' சுருக்கங்கள், புள்ளிகள் எல்லாவற்றையும் தனி நெடுவரிசையில் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஆனால் பெயர் ஒன்று என்பதால் ஆள் ஒன்று ஆகிவிடாது. 'முருகன் கன்ஸ்ட்ரக்ஷன்' இல்லாத மாவட்டம் உண்டா? ஜி.எஸ்.டி. எண் கிடைத்தால் மட்டும் சேருங்கள்.

அமெரிக்க அரசின் செலவு விவரங்கள் இருக்கும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில் இறக்கிய கோப்பில் ஒரே ஒப்பந்தம் 14 வரிசையில் வருகிறது. சில தொகை மைனஸ். கோப்பு கெட்டுவிட்டதா? (நியூ ஜெர்சி)

கெடவில்லை. நீங்கள் இறக்கியது பரிவர்த்தனைகள், ஒப்பந்தங்கள் அல்ல. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரிசை, மைனஸ் என்பது ஒதுக்கியதைத் திரும்ப எடுத்தது. ஒப்பந்தத்துக்கு ஒரு வரிசை வேண்டுமானால் இறக்கும்போது 'அவார்டு' வகையைத் தேர்ந்தெடுங்கள். பொறுப்பேற்ற தொகை (இதுவரை ஒதுக்கியது), நடப்பு மதிப்பு, அரசு விரும்பினால் நீட்டிக்கக்கூடிய காலங்கள் எல்லாம் சேர்ந்த உச்ச மதிப்பு என்று மூன்று தொகை இருக்கும். மூன்றாவதைக் கூட்டி 'செலவு' என்று எழுதுபவர்கள் அங்கும் உண்டு. நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். ராணுவத் துறைத் தரவு 90 நாள் தாமதமாக வரும், எனவே கடைசி மூன்று மாதத்தில் 'ராணுவச் செலவு சரிந்தது' என்று கண்டுபிடிக்காதீர்கள். தேடல் பக்கத்தில் ஒரு முறைக்கு சுமார் 5 லட்சம் வரிசைதான். அதற்கு மேல் என்றால் துறை, ஆண்டு வாரியாக இருக்கும் ஆவணக் கோப்புகளை எடுங்கள். இறக்கிய தேதியை இங்கேயும் குறியுங்கள், பழைய ஆண்டுகளின் தொகையும் மாறும்.

இணைப்பு பி.டி.எஃப்.பில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. (நாகர்கோவில்)

வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருக்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றுங்கள். எண்களை மட்டும் மூலத்தோடு ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.